தொடாமல் பார்

போன மாதம் மதுரையில் சித்தி பேத்திக்குக் கல்யாணம். முகூர்த்தத்துக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. நாதஸ்வரக்காரர்கள் காபி குடிக்கப் போயிருந்தார்கள். வீடியோ எடுக்க வந்த பையன் மணவறைக்கு எதிரே நின்று, தோளிலிருந்த டிரைபாடை இறக்கி, கால்களின் கிளிப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டித் திறந்தான். டக், டக், டக். மண்டபத்தில் இருந்த அத்தனை இரைச்சலிலும் அந்தச் சத்தம் மட்டும் எனக்குத் தனியாகக் கேட்டது. என்னை அறியாமல் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை திரும்பி, "யாரை மெதுவாங்கற?" என்றார். "ஒண்ணுமில்லத்த" என்றேன். அரிசோனாவில் ஒரு மலைச்சரிவில், விடியலுக்கு முன்னால் காதை நிமிர்த்திக்கொண்டு நின்ற ஒரு பெண்மான் அந்த நேரம் என் கண்முன்னே வந்திருந்தது.

அரிசோனாவில் இருக்கும் டூசான் நகரத்துக்கு நாங்கள் போனது என் கணவரின் வேலைக்காக. அங்குள்ள பல்கலைக்கழகம் ஒளியியலுக்குப் பேர்போனது. கால்பந்து ஸ்டேடியத்துக்கு அடியிலேயே ஒரு கூடம் வைத்து, பெரிய பெரிய தொலைநோக்கிகளுக்குக் கண்ணாடி வார்க்கிறார்கள். ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் மலை. தெற்கே சாண்டா ரீட்டா மலைத்தொடர். அதன் உச்சி ரைட்சன் சிகரம், 9,453 அடி. அதே தொடரில் ஹாப்கின்ஸ் மலைமேல் 6.5 மீட்டர் கண்ணாடியுள்ள தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. ராத்திரி வானத்தின் இருட்டைக் காப்பாற்றுவதற்காக 1972-லேயே தெருவிளக்குகளுக்குச் சட்டம் போட்ட ஊர் அது. பார்ப்பது என்ற காரியத்தை இவ்வளவு மதிக்கிற ஊரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இராமநாதபுரத்துக்காரியான எனக்கு அந்தப் பாலைநிலம் அந்நியமாகவும் இல்லை. எங்கள் கண்மாய்க்கரை முழுக்க நிற்கும் சீமைக்கருவேலத்தின் சொந்தக்கார மரம்தான் அங்கே ஓடைக்கரைகளில் நின்றது, மெஸ்கீட் என்கிறார்கள். சப்பாத்திக்கள்ளி இருந்தது. ஆனைக்கற்றாழையின் இனத்தில் பல வகை இருந்தன. வீட்டுக் கொல்லையில் நின்று அதையெல்லாம் பேர் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து வீட்டுப் பெரியவர் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேச்சுக் கொடுத்தார். செப்புச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மெக்சிகோ பக்கத்து வம்சம். அவருடைய பாட்டன் காலத்திலிருந்தே அங்கேதான் குடி. பேரப்பிள்ளைகள் அவரை டாட்டா என்றும் அவர் மனைவியை நானா என்றும் கூப்பிட்டார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அவர் என்னை 'மிஹா' என்பார். அவர்கள் பக்கத்தில் பெரியவர்கள் மகள் வயதுப் பெண்களை அப்படித்தான் அழைப்பார்கள்.

எனக்கு அப்போது பறவை பார்க்கும் பைத்தியம் பிடித்திருந்தது. சாண்டா ரீட்டா அடிவாரத்தில் மடேரா பள்ளத்தாக்கு என்று ஓர் இடம். மெக்சிகோவிலிருந்து வரும் ட்ரோகன் பறவையைப் பார்க்க உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். என்னிடம் 8x42 பைனாகுலர் ஒன்று இருந்தது. ஒரு நாள் கொல்லையில் அதைக் கழுத்தில் மாட்டியிருந்ததைப் பார்த்த டாட்டா, "அக்டோபரில் என்னோடு மலைக்கு வா. ஒரு மானைக் கண்டுபிடித்துக் கொடு பார்க்கலாம்" என்றார்.

அந்த மானின் பெயர் கூஸ் மான். 1860-களில் அரிசோனாவின் விப்பிள் கோட்டையில் ராணுவ மருத்துவராக இருந்த எலியட் கூஸ் என்பவரின் பெயரை வைத்திருக்கிறார்கள். அவர் பெரிய பறவை ஆராய்ச்சியாளர். அது தெரிந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெள்ளைவால் மான்களில் இது சின்ன வகை. நன்றாக வளர்ந்த ஆண்மானே நாற்பத்தைந்து கிலோ வருவது அபூர்வம். சாம்பல் நிறம். ஓக் மரமும் பாறையும் காய்ந்த புல்லும் கலந்து கிடக்கும் சரிவில் அது அசையாமல் நின்றால் கண்ணுக்கு அகப்படாது. இந்த மானைத் தேடி நடந்து பிரயோசனம் இல்லை. நம்மை அது முதலில் பார்த்துவிடும். ஒரு மலையில் உட்கார்ந்து, எதிர் மலையை மணிக்கணக்கில் பைனாகுலரில் அலச வேண்டும். டூசானில் இருந்துகொண்டு அமெரிக்கா முழுவதும் இந்த மானைப் பற்றிப் படிக்க வைத்த வேட்டை எழுத்தாளர் ஜாக் ஓ'கானர் காலத்திலிருந்தே இதுதான் முறை.

வேட்டை என்றதும் நம் ஆட்கள் முகம் சுளிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்த தலைமுறை நாம். அதை நான் மதிக்கிறேன்; நம் நாட்டுக்கு அது வேண்டும். அங்கே நிலைமை வேறு. எந்த மலையில், எந்த வாரத்தில், எத்தனை பேர் போகலாம் என்று மாநில வனவிலங்குத் துறை கணக்கு வைத்துக் குலுக்கல் போடுகிறது. டேக் என்கிற அனுமதிச் சீட்டு விழுந்தவர்தான் போக முடியும். ஒரு டேக்குக்கு ஒரு மான். அந்த இறைச்சிதான் டாட்டா வீட்டில் டிசம்பர் மாதம் செய்யும் தமாலே என்ற பலகாரத்துக்குள் போகும். எனக்கும் ஒரு பங்கு வரும்; மிளகு தூக்கலாகப் போட்டுச் சுக்காவாக வறுப்பேன். நான் துப்பாக்கி தூக்கியதில்லை. அவரோடு போய் உட்கார்ந்து பார்ப்பதுதான் என் வேலை. பல வருஷம் அதைச் செய்தேன்.

டாட்டா சின்ன வயதில் அவர் அப்பாவோடு போனபோது டிரைபாட் என்ற பேச்சே கிடையாதாம். முழங்காலை மடக்கி உட்கார்ந்து, முழங்கைகளை முழங்காலில் ஊன்றிப் பார்த்தார்கள். அவர் அப்பா கற்றாழையின் பூத்தண்டு ஒன்றைக் கைத்தடியாக வைத்திருந்தார். காய்ந்த தண்டு, ஆள் உயரம், தக்கை மாதிரி கனமே இல்லாதது. அதன் நடுவில் ஒரு வெட்டு வெட்டி, உட்காரும்போது பைனாகுலரை அதில் சாய்த்துக்கொள்வாராம். அந்தத் தடி இன்னும் டாட்டாவின் கார் ஷெட்டில் சாத்தி வைத்திருக்கிறது. நான் பிடித்துப் பார்த்திருக்கிறேன். வெட்டின இடம் வழவழவென்று தேய்ந்து போயிருக்கும்.

பிறகு பெரிய பைனாகுலர்கள் வந்தன. பதினைந்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 15x56. எடையே ஒரு கிலோவுக்கு மேல். அதைக் கையில் பிடித்துப் பார்த்தால் மலை துள்ளும். என் கணவர் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எனக்கு விளக்கினார்: நம் கை எப்போதும் நடுங்கிக்கொண்டுதான் இருக்கிறது, மூச்சு இருக்கிறது, நாடித்துடிப்பு இருக்கிறது. எட்டு மடங்கு பெரிதாக்கினால் நடுக்கமும் எட்டு மடங்கு, பதினைந்து என்றால் பதினைந்து. எட்டைக் கையில் பிடிக்கலாம், பத்தைச் சமாளிக்கலாம், அதற்கு மேல் கால் வேண்டும். இது ஏட்டுக் கணக்கு. மலையில் உட்கார்ந்தால் வேறொன்றும் விளங்கும். மான் நமக்குத் தெரிவது பெரும்பாலும் அதன் அசைவால்தான் — ஒரு காது ஆட்டம், ஈயை விரட்டும் வால். பார்க்கிற காட்சியே ஆடிக்கொண்டிருந்தால் அந்தச் சின்ன அசைவு அதில் கரைந்து போகும். காட்சி கல்லாக நின்றால்தான் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு காது திரும்புவது கண்ணில் தைக்கும். டிரைபாடில் வைத்த சாதாரண 10x42, கையில் பிடித்த விலையுயர்ந்த பதினைந்தை விட அதிகம் காட்டும். இதை நான் அடித்துச் சொல்வேன்.

டாட்டாவிடம் அப்போது இருந்தது பழைய அலுமினிய வீடியோ டிரைபாட். நாலு கிலோ இருக்கும். டிசம்பர் விடியற்காலையில் அங்கே தண்ணீர் உறையும் குளிர். அலுமினியத்தைத் தொட்டால் விரல் விறைத்துப்போகும் என்பதால் கால்களில் சைக்கிள் ஹேண்டில்பார் டேப் சுற்றியிருந்தார். அதிலும் அந்த மாதிரிக் கிளிப்புகள்தான். எவ்வளவு பதமாகத் திறந்தாலும் ஒன்றாவது 'டக்' என்று சொல்லும். காற்றே இல்லாத அந்த அரையிருட்டில் அது எதிர்ச்சரிவு வரைக்கும் போகும். அப்படி ஒரு சத்தத்துக்குத்தான் நான் முதலில் சொன்ன பெண்மான் காதை நிமிர்த்தியது. காலைக் கொஞ்சம் தூக்கி, வைத்து, அப்புறம் வாலை உயர்த்திக்கொண்டு மேலே ஏறிவிட்டது. அதன் பின்னாலேயே, நாங்கள் பார்க்காமலிருந்த ஓர் ஆண்மானும் போனது.

அதற்கடுத்த வருஷம் டாட்டாவின் வலது முழங்காலில் ஆபரேஷன். "இனி நாலு கிலோ முடியாது மிஹா. எடை குறைந்த ஒன்றைப் பார்ப்போம்" என்றார். அந்தக் கோடைகாலம் முழுவதும் எங்கள் சாயங்காலப் பேச்சு அதைப் பற்றித்தான். நானா எலுமிச்சை ஜூஸ் கொண்டுவந்து வைப்பார். பேச்சு ஓடும்.

பையின் கணக்கை அவர் எனக்குக் காகிதத்தில் போட்டுக் காட்டினார். பாலைநிலத்தில் ஒரு நாளைக்கு ஓர் ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர், அதுவே நாலு கிலோ. துப்பாக்கி மூன்றரை கிலோ. பைனாகுலர், ஜாக்கெட், சாப்பாடு, கயிறு, கத்தி. மான் விழுந்தால் இறங்கும்போது அதன் இறைச்சியும் முதுகில் வரும். இதில் எதைக் குறைக்க முடியும்? தண்ணீரைக் குறைக்க முடியாது. டிரைபாடில்தான் இரண்டரை கிலோ மிச்சம் பிடிக்கலாம்.

இதை ஊருக்கு போன் பேசும்போது அப்பாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு மான் வேட்டை என்ற பேச்சே பிடிக்காது. போனை அப்பா கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். அப்பா சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். மான் எப்படி, துப்பாக்கி எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஸ்டாண்டு ஆடுமாம்மா?" என்றுதான் கேட்டார்.

சின்ன வயதில் லீவு நாட்களில் அப்பா என்னையும் சர்வேக்குக் கூட்டிப்போவார். தேக்குமரக் கால்களும் இரும்புப் பூணும் போட்ட ஸ்டாண்டை செயின்மேன் தோளில் வைத்துச் சுமந்து வருவார். வயலில் மூன்று காலையும் விரித்ததும் அப்பா ஒவ்வொரு கால் அடியையும் செருப்புக்காலால் மிதித்து மண்ணில் இறக்குவார். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, ரசமட்டம் பார்த்து, அதன் பிறகுதான் தியோடலைட்டைப் பெட்டியிலிருந்து எடுப்பார். "ஸ்டாண்டு ஆடுச்சுன்னா ஊர் எல்லையே ஆடும்" என்பார். அவருக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. 1802-இல் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு போட்டு நில அளவையைத் தொடங்கிய லாம்டன், அரை டன் எடையுள்ள தியோடலைட்டைத் தெற்கெல்லாம் சுமக்க வைத்தார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி அடிபட்டது. லாம்டன் தானே உட்கார்ந்து, வாரக்கணக்கில் தட்டித் தட்டி அதைச் சரிசெய்தார். "அரை டன்னு ஏன்? ஆடாம இருக்கணும்னுதான்" என்று முடிப்பார் அப்பா. அவருக்கு, கனம்தான் நம்பிக்கை. டாட்டாவுக்கோ முழங்கால் வலி. இரண்டு பேருக்கும் நடுவில் நான் டிரைபாட் தேடினேன்.

முதலில் கண்ணில் பட்டது ஒரு கிலோவுக்கும் குறைவான ஒன்று. ஒவ்வொரு காலிலும் ஐந்து அடுக்கு. மடித்தால் கைப்பைக்குள் போய்விடும். டாட்டாவின் அண்ணன் மகன் அதைத்தான் வாங்கியிருந்தார்; கேட்டு வாங்கி ஒரு நாள் மலைக்கு எடுத்துப்போனோம். கடைசி அடுக்கு விரல் பருமன்கூட இல்லை. பத்து மணிக்குக் காற்று எழுந்ததும் காட்சி கிடுகிடுவென்று நடுங்க ஆரம்பித்தது. தண்ணீர்ப் பையைக் கொக்கியில் தொங்கவிட்டுப் பார்த்தோம். பை காற்றில் ஊசலாடி அதுவும் சேர்ந்து ஆட்டியது. பை தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி கயிற்றை நீட்டியபோது கொஞ்சம் அடங்கியது. ஆனாலும் டாட்டா அன்று சீக்கிரமே கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். ஆடும் காட்சியை ரொம்ப நேரம் பார்த்தால் தலை வலிக்கும், மனம் தானாகவே பார்ப்பதை நிறுத்திவிடும். சுமக்க லேசாக இருந்தது என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல நல்லது எதுவும் இல்லை.

அங்கிருந்துதான் எங்களுக்கு வழி பிடிபட்டது. மலையில் யாரும் நின்றுகொண்டு பார்ப்பதில்லை. நின்றால் களைப்பு, வானத்துக்கு எதிரே உருவமும் தெரியும். பாறையில் சாய்ந்து, மடிப்பு மெத்தைத் துண்டைப் போட்டு உட்கார்ந்துதான் பார்க்கிறோம். அப்படியிருக்க ஆள் உயரத்துக்கு நீளும் கால் எதற்கு? உட்கார்ந்தால் கண் மட்டத்துக்கு வந்தால் போதும். உயரத்தை விட்டுக்கொடுத்தால், அதே எடையில் தடித்த கால்கள் கிடைக்கும். நடுத்தண்டையும் கழற்றிவிடலாம். அதை உயர்த்தினால் மூன்று கால் இருந்தும் கடைசியில் ஒற்றைக்காலில் நிற்பதாகத்தான் ஆகும். காற்று பிடித்து ஆட்டுவதும் அந்த இடத்தில்தான். தண்டு இல்லாவிட்டால் கால்களை அகல விரித்து இன்னும் தாழ்வாக இறக்கவும் முடியும். எடை குறைந்த டிரைபாட் வாங்குகிறவர்கள் முதலில் தங்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது, எங்கே எப்படி உட்காரப் போகிறோம் என்பதைத்தான். கிராம் கணக்கு அதற்குப் பிறகு.

கால்களுக்குக் கார்பன் ஃபைபர் என்பதில் எங்களுக்குள் விவாதமே வரவில்லை. கிட்ஸோ கம்பெனி 1994-இல் கார்பன் ஃபைபர் டிரைபாடைக் கொண்டுவந்தபோது அது போட்டோக்காரர்களுக்கானது; விலையும் எட்டாத விலை. எங்கள் காலத்தில் பல கம்பெனிகள் செய்ய ஆரம்பித்து, விலை ஓரளவுக்கு இறங்கியிருந்தது. அலுமினியத்தை விட லேசு, அதிர்வு சீக்கிரம் அடங்கும், குளிரில் விரலைக் கடிக்காது. பூட்டு, திருகும் வகை. சத்தமே வராது. ஆனால் அதற்குள் மணல் போகும். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் கழற்றித் துடைக்க வேண்டும். டாட்டா அதற்கென்று நானாவின் பழைய சமையலறைத் துண்டுகளை வாங்கி வைத்துக்கொள்வார்.

மேலே வைக்கும் ஹெட் விஷயத்தில்தான் ரொம்ப யோசித்தோம். உருண்டை மேல் எல்லாப் பக்கமும் திரும்பும் பால் ஹெட் எடை குறைவு, விலையும் குறைவு. ஆனால் திருகைத் தளர்த்தினால் ஒரு கிலோ பைனாகுலர் மூக்கு குப்புறக் கவிழும். ஒரு கையால் அதைத் தாங்கியபடி மறு கையால் இறுக்க வேண்டும். இறுக்கும்போது காட்சி ஒரு முழம் நகர்ந்திருக்கும். சரிவை வரிசை வரிசையாக அலசுகிறவருக்கு அது ஆகாது. அவருக்குப் படுக்கை வாட்டில் தனியாகவும் மேலும் கீழும் தனியாகவும் நகர்கிற பான் ஹெட் வேண்டும். கைப்பிடியை லேசாகத் தள்ளினால் எண்ணெயில் போவதாக நகர்ந்து, விட்ட இடத்தில் நிற்க வேண்டும். அப்படிப்பட்டது கூடுதலாக இருநூறு முந்நூறு கிராம் வரும். அந்த முந்நூறு கிராமை மட்டும் யாரும் மிச்சம் பிடிக்க நினைக்கக் கூடாது. பைனாகுலரை ஹெட்டில் பொருத்த, அதன் கீல் முனையில் இருக்கும் மூடியைக் கழற்றினால் மரை தெரியும். அதில் ஒரு சின்னக் குமிழைத் திருகி, அடாப்டரில் செருகிக்கொள்ள வேண்டியதுதான். எல்லா பைனாகுலரிலும் அந்த மரை இருக்காது என்பதை மட்டும் வாங்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைக்கு நானும் கூடப் போனேன். டூசானில் ஒரு பெரிய விளையாட்டுச் சாமான் கடை. டாட்டா நேராகப் போய், கண்ணாடி அலமாரிக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அறுவை செய்த காலை மட்டும் நீட்டிக்கொண்டார். கடைக்காரப் பையன் பதறி நாற்காலி கொண்டுவந்தான். வேண்டாம் என்று கையசைத்தார். ஒவ்வொரு டிரைபாடையும் தன் கண் மட்டத்துக்கு விரித்து, தான் கொண்டுவந்திருந்த பைனாகுலரை மாட்டி, கடைக்கோடியில் வாசலுக்கு மேலே எரியும் சிவப்பு எழுத்துப் பலகையைப் பார்த்தார். பிறகு வலது காலின் மேல்பாகத்தை நடுவிரலால் ஒரு சுண்டு சுண்டினார். எழுத்து நடுங்கும். நடுக்கம் அடங்கும் வரைக்கும் வாய்க்குள்ளேயே ஸ்பானிய மொழியில் எண்ணினார். உனோ, தோஸ், த்ரேஸ். சிலதில் அந்த எண்ணிக்கை ரொம்பத் தூரம் போனது. ஒன்றில் இரண்டு எண்ணுவதற்குள் எழுத்து நின்றுவிட்டது. அடுத்து என்னை உட்காரச் சொன்னார். நானும் சுண்டினேன், எண்ணினேன், தமிழில். எனக்கும் இரண்டுதான் வந்தது. கால்கள் ஒன்றேகால் கிலோ, ஹெட்டோடு சேர்த்து ஒன்றரையைக் கொஞ்சம் தாண்டியது. அதையே வாங்கினோம். ராத்திரி அப்பாவுக்கு போன் போட்டு, சுண்டிப் பார்த்ததைச் சொன்னேன். "பெரியவருக்கு சர்வே தெரியும்போல இருக்கே" என்றார் அப்பா. அவருடைய வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டை நான் கேட்டதில்லை.

அந்த டிரைபாட் வந்த பிறகு மலையில் எங்கள் உட்காரும் முறையே மாறிப்போனது. இருட்டில் ஏறி, வெளிச்சம் வருவதற்குள் இடம் பிடித்துவிடுவோம். முதலில் வெறும் கண்ணால் ஒரு முறை பார்ப்பது. பிறகு பைனாகுலரில், வெயில் முதலில் விழும் சரிவை இடமிருந்து வலமாக ஒரு வரிசை, கொஞ்சம் இறக்கி வலமிருந்து இடமாக அடுத்த வரிசை. குளிருக்கு மான்கள் வெயிலில் வந்து மேயும். வெயில் ஏறினால் நிழலுக்குப் போய்ப் படுத்துவிடும்; அப்போது வடக்குப் பார்த்த சரிவுகளில் ஒவ்வொரு ஓக் மரத்தின் அடியாகத் தேட வேண்டும். காட்சியை ஓரிடத்தில் நிறுத்தி, அதன் ஓரங்களிலிருந்து நடுவுக்குக் கண்ணை ஓட்டி, முழுதும் பார்த்து முடித்த பின்தான் கைப்பிடியை நகர்த்துவது. டாட்டா ஒரு காட்சியில் தங்கும் நேரத்தில் நான் வீட்டில் ஒரு டம்ளர் காபியைக் குடித்து முடித்திருப்பேன்.

ஒரு நாள் உச்சிப்பொழுது. மேயும் மான்கள் எல்லாம் ஒதுங்கிவிட்டன. வெகு நேரமாக டாட்டா பைனாகுலரை நகர்த்தவே இல்லை. தூங்கிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். கண்ணை எடுக்காமல், "மிஹா, இங்கே வா" என்றார். தன் உடம்பு டிரைபாடில் பட்டுவிடாமல் மெல்லப் பின்னுக்கு நகர்ந்து, எனக்கு இடம் விட்டார். "தொடாமல் பார்" என்றார்.

கைகளை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். ஓர் ஓக் மரம், அதன் நிழல், இரண்டு பாறை, காய்ந்த புல். வேறு ஒன்றும் இல்லை. "மரத்துக்கு இடப்பக்கம், இரண்டாவது பாறைக்கு மேலே ஒரு காய்ந்த கிளை தெரிகிறதா?" தெரிந்தது. "அது கிளை இல்லை." நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்தக் கிளையின் அடியில் ஏதோ ஒன்று மின்னி மறைந்தது, காதின் உட்புறம். பிறகு அந்தக் கிளை மெதுவாக ஒரு பக்கம் திரும்பியது. அதற்குப் பிறகு கழுத்து தெரிந்தது, மூக்கு தெரிந்தது, பாதி மூடிய கண்கூடத் தெரிந்ததாகத்தான் எனக்கு ஞாபகம். முழு ஆண்மான், அசைபோட்டபடி படுத்திருந்தது. இத்தனை நேரமும் அங்கேதான் இருந்திருக்கிறது.

கையில் பிடித்துப் பார்க்கிற காலத்தில் இது நடக்காது. "அதோ, அந்த மரத்துக்குப் பக்கத்தில்" என்று விரல் நீட்டினால், எதிர் மலையில் அப்படி ஆயிரம் மரம். ஒருவர் கண்டதை இன்னொருவர் காண்பதற்குள் மான் எழுந்து போயிருக்கும். ஒரு மனிதர் தான் பார்த்ததை அப்படியே நிறுத்திவைத்து, எழுந்து, தன் இடத்தை இன்னொருவருக்குக் கொடுக்கலாம் என்பதை அன்று அந்த மூன்று கால்கள் எனக்குக் காட்டின. லேசான டிரைபாட் வேண்டும் என்று அவர் அவ்வளவு மெனக்கெட்டது தன் முழங்காலுக்காக மட்டும் இல்லை என்று எனக்கு அப்போது புரிந்தது. வீட்டில் வைத்துவிட்டு வந்த கனமான டிரைபாடால் யாருக்கும் எதையும் காட்ட முடியாது.

அந்த மானை அன்று அவர் சுடவில்லை. நடுவில் ஆழமான ஓடை. சுற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும் என்றார். நாங்கள் மாறி மாறி அதைப் பார்த்தபடி சாப்பிட்டோம். அவர் நானா சுட்டுக் கொடுத்த டோர்ட்டியா, நான் புளியோதரை. கொஞ்ச நேரத்தில் இருவரும் சாப்பாட்டுப் பொட்டலங்களை மாற்றிக்கொண்டோம்.

இப்போது அந்த மலைகளுக்குப் போகிற இளையவர்கள் வேறு மாதிரி இருக்கிறார்கள். பைனாகுலரின் கண்ணில் செல்போனை மாட்டி, திரையில் பார்க்கிறார்கள். பித்தானை அழுத்தினால் நடுக்கத்தைத் தானே அடக்கும் பைனாகுலர்களும் வந்துவிட்டன. பேட்டரி தீரும் வரைக்கும் நன்றாகத்தான் இருக்கின்றன. மரத்தில் கேமராவைக் கட்டிவைத்து, மான் வந்துபோவதை வீட்டிலிருந்தே பார்க்கும் பழக்கம் ஒன்று இடையில் பெருகியது. தண்ணீர்க் குட்டை ஒவ்வொன்றையும் சுற்றிக் கேமராக்கள். வேட்டைக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2022 ஜனவரி முதல் அரிசோனாவில் தடை வந்துவிட்டது. டாட்டா அந்தச் செய்தியை எனக்குப் படித்துக் காட்டியபோது ரொம்ப நிம்மதியாக இருந்தார். எனக்கும் அதே எண்ணம்தான். உட்கார்ந்து பார்க்கிறவனுக்கும் மானுக்கும் நடுவில் ஒரு நியாயம் இருக்கிறது. பார்க்க வருகிறவன் தன் நேரத்தைக் கொடுத்தாக வேண்டும்.

டாட்டா இப்போதெல்லாம் மலை ஏறுவதில்லை. வண்டி போகிற இடம் வரைக்கும் போய், மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, அடிவாரத்துச் சரிவுகளைப் பார்க்கிறார். அவருடைய பேத்தியின் மகளுக்குப் பத்து வயது முடிந்துவிட்டது. அங்கே பெரிய விலங்கு வேட்டைக்குப் போவதற்கு அதுதான் குறைந்தபட்ச வயது. அதற்கான பாதுகாப்புப் பயிற்சியையும் முடித்துவிட்டாள். சிறுவர்களுக்கான குலுக்கலில் அவளுக்கு டேக் விழுந்திருக்கிறது. நான் மதுரையிலிருந்து திரும்பிய மறுநாளே சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டாள். தனக்கென்று சொந்தமாக ஒரு டிரைபாட் வேண்டுமாம். என்னுடையதே போதும் என்கிறார் டாட்டா. அவளுக்கு அது கனம் அதிகம் என்பது என் கட்சி. பால் ஹெட் போதும் என்று அவளுடைய அம்மா சொல்கிறார். அதை மட்டும் நானும் டாட்டாவும் சேர்ந்து எதிர்க்கிறோம். சனிக்கிழமை நாலு பேருமாகக் கடைக்குப் போகிறோம். தரையில் உட்கார வசதியான பேண்ட் போட்டுக்கொண்டு வரும்படி அவளிடம் சொல்லியிருக்கிறேன்.